நிறுத்திவைத்த ஒரு வாக்கியம்

செப்டம்பர் 3, செவ்வாய்

காலை ஒன்பது மணிக்கு வழக்கம்போல் தொலைபேசியோடு உட்கார்ந்தேன். பதினேழு மருத்துவமனைகள், பதினேழு எழுத்தர்கள். நேற்று எத்தனை காய்ச்சல், எத்தனை வயிற்றுப்போக்கு, எத்தனை அம்மை, எத்தனை நாய்க்கடி என்று அவர்கள் சொல்லச் சொல்ல நான் கட்டங்களை நிரப்ப வேண்டும். பத்தொன்பது வருடமாக இதுதான் வேலை. நோய்க் கண்காணிப்புப் பிரிவு என்று கதவில் பெரிய எழுத்தில் இருக்கிறது. உள்ளே இருப்பது நான், இயக்குநர், பரிசோதனைக்கூடத்தில் ஒருவர், ஒழுகும் குளிர்சாதனப்பெட்டி ஒன்று.

துறைமுகத்தை ஒட்டிய மருத்துவமனையின் எழுத்தரை நான் நேரில் பார்த்ததில்லை. குரல் மட்டும் பழக்கம். வெண்கலம் என்று நான் வைத்த பெயர் அவளுக்கும் தெரியும். ரிசீவரை ஒரு சாண் தள்ளிப் பிடித்தால்தான் காது தப்பும். இன்று அவள் சொன்னதை இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னேன். வெறும் காற்றாக வந்தது. "வெண்கலத்துல ஓட்டை விழுந்துடுச்சுக்கா" என்றாள். சிரித்தோம். காய்ச்சல் ஒன்பது, நாய்க்கடி இரண்டு என்று எழுதிக்கொண்டேன்.

தங்கை வேலையிலிருந்து வந்து ஈரத் துண்டை மறுபடி நாற்காலியில் போட்டாள். முப்பத்தாறு வயது. இன்னும் நான் பின்னாலேயே எடுத்துப் போட வேண்டும்.

செப்டம்பர் 4

வெண்கலம் லீவு. வேறு யாரோ பேசினார், அவசர அவசரமாக. காய்ச்சல் பதினான்கு.

செப்டம்பர் 6, வெள்ளி

வெள்ளிக்கிழமை வார அறிக்கை போகும் நாள். எல்லா மருத்துவமனைகளுக்கும் ஒரு பிரதி, உலக அளவில் நோய்களைப் பார்க்கும் அமைப்புக்கு ஒரு பிரதி. இந்த வாரம் ஒரு பத்தி கூடுதல். துறைமுக மருத்துவமனையில் ஒரே மாதிரி ஏழு நோயாளிகள். முதல் நாள் குரல் போகிறது. மூன்றாம் நாள் காய்ச்சல். அதன்பிறகு மூச்சுத் திணறல். நான்கு பேர் ஒரே கப்பலின் ஆட்கள். வேறு கண்டத்திலிருந்து வந்த கப்பல். மற்றவர்கள் சரக்கு இறக்கியவர்கள். வெண்கலம் எட்டாவது.

ஒரு இடத்தில் வழக்கத்துக்கு மேல் சிலர் ஒன்றாக விழுந்தால் எங்கள் பேச்சில் அது 'கொத்து'. ஒரு கொத்து என்று எழுதினேன். இயக்குநர் படித்துவிட்டு, கொத்துக்கு முன்னால் 'சிறு' என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

செப்டம்பர் 9, திங்கள்

தங்கை பெரிய மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். எங்கள் பட்டியலுக்கு நோயின் பெயர் வருவதற்கு முன்னால் அவள் கைக்குப் படம் வந்துவிடும். இன்று சாப்பிடும்போது தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, ஆறு நெஞ்சுப் படம் எடுத்தேன். ஆறு பேரோட நெஞ்சா, இல்ல ஒரே ஆளை ஆறு தடவை எடுத்தேனான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. கண்ணாடி மேல ஊதின மாதிரி, அடியில ரெண்டு பக்கமும் வெள்ளையா."

துறைமுகத்துக்கும் பெரிய மருத்துவமனைக்கும் நடுவே ஊர் முழுக்க இருக்கிறது. அந்த ஆறு பேரும் துறைமுகப் பக்கம்தானா என்று கேட்டேன். அதெல்லாம் நெட்டைக்குத்தான் தெரியும் என்றாள்.

நெட்டை அவளோடு அதே அறையில் எட்டு வருடமாக வேலை செய்பவள். எங்கள் வீட்டு நிலைப்படியில் தலை இடித்துக்கொள்ளாமல் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. இப்போது ஐந்து மாதம். கதிர் படக்கூடாது என்று அவளைப் படம் எடுக்கும் அறையிலிருந்து வெளியே பதிவு மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள். பேர், வயது, விலாசம் கேட்டு எழுதும் வேலை. பத்திரமான இடம். குரல் போனவர்கள் மேசை மேல் குனிந்து அவள் காதருகே பேர் சொல்கிறார்களாம். "எல்லாரும் என்கிட்ட ரகசியம் சொல்ல வர்ற மாதிரி இருக்கு" என்று நெட்டை சிரித்தாளாம்.

செப்டம்பர் 11

பரிசோதனைக்கூடத்துக்காரர் படியேறி வந்தார். அவர் மாடிக்கு வருவதே வருடத்துக்கு இரண்டு முறை. எங்களிடம் இருக்கும் எந்தக் கிருமியோடும் இது பொருந்தவில்லை என்றார். போன வருடம் வேறு ஆய்வுக்காக எடுத்து உறைய வைத்த இரத்தம் இருநூறு குப்பி இருந்தது. எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்திருக்கிறார். இந்தக் கிருமியை முன்பே சந்தித்த அடையாளம் ஒன்றில்கூட இல்லை.

"இருநூத்துல ஒண்ணுகூடவா இல்லை?" என்றார் இயக்குநர்.

"ஒண்ணுகூட இல்லை சார். நம்ம யார் உடம்புக்கும் இது யாருன்னே தெரியாது."

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 13

இருபத்தாறு. மூன்று பேர் தவிர எல்லோரும் கப்பலோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புடையவர்கள். 'கொத்து' போய் 'திடீர்ப் பரவல்' வந்தது. 'சிறு'வை இம்முறை அவர் சேர்க்கவில்லை.

அந்த மூன்று பேர் யார்?

செப்டம்பர் 16, திங்கள்

உலக அமைப்பின் தொலைபேசிக் கூட்டம். ஒன்பது நாடுகளின் ஆட்கள் பேசினார்கள். இரண்டு நாடுகளில் இதே குரலடைப்பு, இதே காய்ச்சல். இரண்டும் கப்பல் வரும் ஊர்கள்.

ஒருவர் நேரடியாகவே கேட்டார், இதைப் பெருந்தொற்று என்று சொல்லலாமா என்று. அமைப்பின் தலைமை மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்: எத்தனை பேர் செத்தார்கள் என்பது இதில் கேள்வியே இல்லை. ஒரு ஊரில் ஆயிரம் பேரைக் கொன்றுவிட்டு அங்கேயே அடங்கினால் அது அந்த ஊரின் கொள்ளைநோய். லேசாக வந்து போகும் நோய்கூடப் பெருந்தொற்று ஆகலாம். கிருமி புதிதாக இருக்க வேண்டும், மனிதரிடமிருந்து மனிதருக்கு விட்டுப்போகாமல் தாவ வேண்டும், உலகின் ஒன்றுக்கு மேற்பட்ட பகுதிகளில் வேர் பிடித்திருக்க வேண்டும். வேர் பிடித்தது என்றால், வெளியூர் போகாதவனும் வெளியூர்க்காரனைப் பார்க்காதவனும் விழ வேண்டும். கப்பலில் வந்து இறங்கியதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இறங்கிய இடத்தில் அது தானாக நடக்கிறதா என்று யாராவது காட்ட வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் இயக்குநர் என்னைப் பார்த்தார். "அந்த மூணு பேரு," என்றார்.

வீட்டில் தங்கையிடம் இதைச் சொன்னபோது, "பல்வலிகூட உலகம் முழுக்க இருக்கு, அது பெருந்தொற்றா?" என்று சீண்டினாள். பல்வலி தொற்றாதே என்றேன். அப்போ சளிக்காய்ச்சல்? அது வருஷா வருஷம் வரும் பழைய விருந்தாளி, பாதிப் பேர் உடம்புக்கு அதை அடையாளம் தெரியும் என்றேன். இதை? யாருக்குமே தெரியாது என்றேன். அதற்குப் பிறகு அவள் சீண்டவில்லை.

செப்டம்பர் 18, புதன்

மூவரில் இருவரை விசாரித்ததில் கப்பலோடு தொடர்பு கிடைத்துவிட்டது. ஒருவரின் அண்ணன் சுங்கத்தில் வேலை. இன்னொருவர் துறைமுக உணவகத்தில் பாத்திரம் கழுவுபவர், முதலில் மறைத்திருக்கிறார். மிச்சம் ஒருவர். பட்டியலில் பத்தொன்பதாம் எண். எழுபத்திரண்டு வயது, கடிகாரம் பழுதுபார்ப்பவர்.

முகக்கவசம், கையுறையோடு போனேன். மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது. இடுப்பு எலும்பு முறிந்து மூன்று வருடமாக அவர் கீழே இறங்கவில்லை. அறை முழுக்கக் கடிகாரங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டிக்கொண்டு. பேச்சு வராததால் பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். வெளியூர் யாராவது வந்தார்களா? இல்லை. கப்பல், துறைமுகம்? இல்லை. பழுதுக்குக் கடிகாரம் கொண்டுவருபவர்கள்? கயிற்றில் கூடை கட்டி ஜன்னல் வழியாக இறக்குகிறார், யாரும் மேலே வருவதில்லை. பிறகு தானாகவே எழுதினார்: நான் எங்கேயும் போகலை அம்மா. அது விலாசம் விசாரிச்சு வந்திருக்கு.

மேலே வருபவள் ஒருத்திதான். தினமும் காலையில் அவரைக் குளிப்பாட்டிச் சோறு வைத்துவிட்டுப் போகும் பெண். அவள் வீட்டுக்குப் போனேன். படுத்திருந்தாள். அவளுக்கும் குரல் இல்லை. யாரும் அவளை எங்கள் பட்டியலில் சேர்த்திருக்கவில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

காலையிலிருந்து இதையே பிடித்துக்கொண்டிருந்தேன். குளிப்பாட்டும் பெண்ணின் அக்காவுக்குத் தையல் கூடத்தில் வேலை, அவளுக்கும் குரல் இல்லை. அங்கே பக்கத்துத் தையல் இயந்திரத்தில் இருந்தவளுக்குப் பதினாறு நாள் முன்பு குரல் போயிருக்கிறது. அவள் கணவன் பேருந்து நடத்துநர், அவளுக்கு முன்பே குரல் போனவன். அவன் பேருந்து துறைமுகப் பக்கமே போவதில்லை. ஆனால் அவன் வண்டியில் ஏறியவர்களில் சரக்கு இறக்குபவன் ஒருவன் இருந்திருக்கிறான்.

சரக்கு இறக்குபவன், நடத்துநர், அவன் மனைவி, தையல் கூடத்து அக்கா, அவள் தங்கையான குளிப்பாட்டும் பெண், கடிகாரக்காரர். ஆறு பேர், ஐந்து தாவல், பதினெட்டு நாள். கப்பலைக் கண்ணால் பார்த்தவன் முதல் ஆள் மட்டும். ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போய்க் குரலை அடைக்க இரண்டிலிருந்து நான்கு நாள் ஆகிறது. தாளில் வரைந்து பார்த்தேன். இனி இதற்குக் கப்பல் வேண்டாம்.

அறிக்கையில் எழுதினேன்: 'இந்நோய் மனிதரிடமிருந்து மனிதருக்கு, வெளித்தொடர்பு ஏதுமின்றி, தொடர்ந்து பரவுகிறது.' ஒரே வாக்கியம். இந்த வாக்கியம் போனால் எல்லா மருத்துவமனைகளும் வாசலிலேயே நோயாளிகளைப் பிரிக்க வேண்டும். வாயிற்காவலர் முதல் பதிவு மேசை வரை எல்லாருக்கும் முகக்கவசம் தர வேண்டும். துறைமுகத்தை மூட வேண்டி வரும்.

இயக்குநர் நெடுநேரம் படித்தார். கெட்ட மனிதர் இல்லை. அவரைப் பற்றி இதை எழுதியே ஆக வேண்டும். பதினொரு வருடம் முன்பு ஒரு காய்ச்சலுக்காகத் துறைமுகத்தை மூட வைத்தவர் இவர்தான். கடைசியில் அது ஒரு தண்ணீர்த் தொட்டி செய்த வேலை என்று தெரிந்தது. நாற்பது நாள் வேலையில்லாமல் கிடந்த தொழிலாளிகள் இவர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். அதிலிருந்து எதையும் இரண்டு முறை தொட்டுப் பார்த்துத்தான் எடுப்பார்.

"நடுவுல ஒரு கண்ணி தப்பா இருந்தா?" என்றார். "அந்தத் தையல் கூடத்துப் பொண்ணுக்குச் சாதாரணத் தொண்டைக்கட்டா இருந்தா? பரிசோதனை முடிவு இன்னும் வரலையே. ஒரு வாரம் பார்ப்போம்மா. வர்ற வெள்ளிக்கிழமை இதே வாக்கியத்தை நானே எழுதறேன்."

எனக்கு உறுதியாகத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உறுதியாகத் தெரியுமா? தொண்ணூறு பங்கு தெரியும். அந்தப் பத்துப் பங்கைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

அறிக்கை போய்விட்டது. அந்த வாக்கியம் இருந்த இடத்தில் 'மேலும் ஆராயப்படுகிறது' என்று இருக்கிறது.

மாலையில் தங்கை வந்து செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னேன். நாளையிலிருந்து முகக்கவசம் போடாமல் யார் பக்கத்திலும் போகாதே. மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிடாதே. ஏன் என்று கேட்டாள். சொன்னேன். கடிகாரக்காரரைப் பற்றி, நடத்துநரைப் பற்றி, எல்லாம்.

"அப்போ எல்லார்கிட்டயும் சொல்லிடவா?"

"இப்ப வேணாம். அறிக்கை வராம வெளியில போனா என் வேலை போயிடும். அடுத்த வெள்ளி வரைக்கும்தான்."

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு சரி என்றாள்.

நிம்மதியாக இருந்தது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும் — நிம்மதியாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 23, திங்கள்

தங்கை முகக்கவசத்தோடு போனாள், முகக்கவசத்தோடு வந்தாள். அங்கே என்ன சொல்லிச் சமாளித்தாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

தொண்ணூற்று மூன்று.

செப்டம்பர் 24

இன்று காலை அழைப்பில் பதினேழு எழுத்தர்களில் நான்கு பேருக்குக் குரல் கம்மியிருந்தது. ஒவ்வொருவராக எண் சொல்லச் சொல்ல, எண்ணை விட்டுவிட்டுக் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஊர் முழுக்க யாரோ நடந்துபோய் ஒவ்வொரு வீட்டின் வானொலியையும் தணித்துக்கொண்டே வருவதுபோல. தெருவில் இதற்குப் பேர் வைத்துவிட்டார்கள்: ஊமைக்காய்ச்சல்.

மூன்றாவது மரணம். சரக்கு இறக்குபவன்.

செப்டம்பர் 26, வியாழன்

பரிசோதனை முடிவு வந்தது. சங்கிலியில் ஆறு பேருக்கும் அதே கிருமி. எந்தக் கண்ணியும் தப்பில்லை.

தங்கை மதியமே வீட்டுக்கு வந்துவிட்டாள். உட்காரவில்லை. நெட்டைக்குக் காலையிலிருந்து குரல் இல்லை என்றாள்.

செப்டம்பர் 27, வெள்ளி

வாக்கியத்தை இயக்குநரே தன் கையால் எழுதினார். சொன்ன சொல் தவறவில்லை. இருநூற்றுப் பதினெட்டு. துறைமுகம் மூடப்பட்டது. மருத்துவமனை வாசல்களில் கயிறு கட்டினார்கள்.

உலக அமைப்பிலிருந்து ஒரு மணி நேரத்தில் அழைப்பு. எங்கள் சங்கிலிதான் அவர்களுக்கு வந்த முதல் உறுதியான சான்றாம். தலைமை மருத்துவர் என் பேரைக் கேட்டுப் பாராட்டினார். சங்கிலி எந்தத் தேதியில் தெளிவானது என்றும் கேட்டார். நேற்று என்றேன்.

நேற்று என்றேன்.

செப்டம்பர் 30, திங்கள்

நெட்டையைத் தீவிர சிகிச்சைக்கு மாற்றினார்கள். அவள் படத்தை எடுத்தது தங்கை. வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்றபடி பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"எனக்கு மட்டும் சொன்னே. கையெட்டுற தூரத்துல உட்கார்ந்திருந்தவளுக்கு யாருக்கா சொல்றது?"

நீ என் தங்கை, அதனால சொன்னேன் என்றேன். வேற என்ன சொல்ல? அம்மா போனப்போ உனக்குப் பதினொரு வயசு, உன்னைத் தூக்கி வளர்த்தது நான், உன்னை விட்டா எனக்கு யாரு, இதையெல்லாம் சொன்னேன். அது எல்லாமே உண்மை. எதுவுமே பதில் இல்லை.

"நீ சொன்னே, நான் கேட்டேன்" என்றாள். "உன்னை மட்டும் சொல்லலை. நாலு நாள் அவ எதிர்லயே முகத்தை மூடிக்கிட்டு நின்னேன். ஒவ்வொருத்தரும் குனிஞ்சு அவ காதுல பேர் சொன்னாங்க. பார்த்துட்டேதான் இருந்தேன்."

அக்டோபர் 3

நெட்டை இறந்துவிட்டாள். குழந்தையும்.

அக்டோபர் 4, வெள்ளி

தங்கை ஒரு பையில் நான்கு துணி எடுத்துக்கொண்டு மருத்துவமனை ஊழியர் விடுதிக்குப் போய்விட்டாள். தினமும் அங்கே இருந்துவிட்டு இங்கே வந்தால் உனக்கும் ஒட்டும் என்று காரணம் சொன்னாள். நல்ல காரணம்தான்.

நாற்காலியில் துண்டு இல்லை.

அக்டோபர் 9, புதன்

இன்று அறிவித்தார்கள்.

மதியம் மூன்று மணிக்கு நாங்கள் மூவரும் இயக்குநர் அறையில் வானொலி கேட்டோம். முப்பத்தெட்டு நாடுகள். நான்கு கண்டங்களில், கப்பலும் விமானமும் பார்க்காதவர்களிடையே தானாகப் பரவுவது உறுதி. எனவே இது பெருந்தொற்று என்று தலைமை மருத்துவர் அந்தச் சொல்லைச் சொன்னார். வேகமாகவும் இல்லை, அழுத்தியும் இல்லை. பட்டியலில் இருக்கும் ஒரு சொல்லைப் படிப்பதுபோல.

பத்தொன்பது வருடமாகக் கையேட்டில் மட்டும் பார்த்த சொல். அதைக் கேட்டால் ஏதாவது மாறும் என்று எங்கேயோ நினைத்திருக்கிறேன் போலிருக்கிறது. சொல்வதற்கு முந்தைய நிமிடம் செத்தவனுக்கும் பிந்தைய நிமிடம் செத்தவனுக்கும் என்ன வித்தியாசம்? கிருமிக்குத் தனக்குப் பதவி உயர்வு கிடைத்தது தெரியப்போவதில்லை. அந்தச் சொல் மனிதர்களுக்கு. இனி இது அடுத்த ஊர்க்காரன் பிரச்சினை என்று யாரும் சொல்ல முடியாது என்பதற்கு. அவ்வளவுதான் அதன் வேலை. அவ்வளவு வேலையைச் சரியான நாளில் செய்தால் போதும்.

இயக்குநர் வானொலியை அணைத்துவிட்டு ஏதோ சொன்னார். கேட்கவில்லை. "என்ன சார்?" என்றேன். திரும்பச் சொன்னார். உதடு அசைந்தது.

பரிசோதனைக்கூடத்துக்காரர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

அக்டோபர் 15

பெரிய மருத்துவமனையின் எழுத்தர் விழுந்துவிட்டார். இன்று அங்கிருந்து எண் சொன்னது தங்கை. பதினோரு நாள் கழித்து அவள் குரல்.

"காய்ச்சல் நூத்தி நாலு. அனுமதி அறுபத்திரண்டு. இறப்பு ஒன்பது. ஊழியர் மூணு."

"நீ எப்படி இருக்கே?"

"அந்தக் கட்டம் உங்க படிவத்துல இல்லையே" என்றாள். வைத்துவிட்டாள்.

நாய்க்கடிக் கட்டம் மூன்று வாரமாகக் காலி. நாய்கள் கடிப்பதை விட்டுவிட்டனவா, யாரும் எழுதுவதில்லையா, தெரியவில்லை.

அக்டோபர் 28

தினமும் ஒன்பது மணிக்கு எண்கள் சொல்கிறாள். எண்கள் மட்டும். ஒவ்வொரு நாளும் முதல் எண்ணைச் சொல்லி முடிக்கும்வரை நான் மூச்சு விடுவதில்லை. தெளிவாகச் சொன்னால் அவளுக்கு இன்னும் வரவில்லை.

நவம்பர் 12

இயக்குநர் பிழைத்துக்கொண்டார். வெண்கலமும் வேலைக்குத் திரும்பிவிட்டாள். மெல்லிய, கீச்சென்ற வேறு குரலோடு. யார் பேசுவது என்று கேட்டேன். சங்கடமாகிவிட்டது. கடிகாரக்காரர் தப்பித்தார். அவரைக் குளிப்பாட்டிய பெண் தப்பவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

தங்கை பையோடு வந்தாள். பதினாலு மணி நேரம் தூங்கினாள். நடுவில் இரண்டு முறை போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன்.

நல்லபடியாக வந்துவிட்டாள். எங்களுக்கு நடுவே இருந்த பழையது எதுவும் கூட வரவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

விசாரணை ஆணையம். ஏன் ஒரு வாரம் தாமதம் என்பதுதான் அவர்கள் கேள்வி. இயக்குநர் பாதிக் குரலில், மீதியை எழுதிக் கொடுத்து, எல்லாப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். முடிவு என்னுடையது, அந்த அம்மா வாக்கியத்தை எழுதித்தான் கொண்டுவந்தார் என்று. வெளியே வரும்போது என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் எனக்குச் செய்தது பெரிய உபகாரம். அது ஏன் செருப்புக்குள் கல் மாதிரி உறுத்துகிறது?

என்னை அழைத்தபோது எல்லாம் சொன்னேன். உலக அமைப்பிடம் தேதியை மாற்றிச் சொன்னதை. இருபதாம் தேதி மாலை என் தங்கைக்கு மட்டும் சொன்னதை. மற்றவர்களிடம் சொல்லாதே என்று தடுத்ததை. தலைவர் பேனாவை மூடினார். குடும்பத்துக்குள் பேசிக்கொண்டது இந்த விசாரணையின் வரம்புக்குள் வராது என்றார். தேதி விஷயம் மட்டும் குறிப்பில் ஏறியது. ஒரு கண்டனக் கடிதம் வரும். வேலைக்கு ஆபத்தில்லை.

வீட்டில் சொன்னேன். தங்கை கேட்டுக்கொண்டே துணி மடித்தாள்.

"நீ மன்னிச்சிடுன்னு கேட்டா நான் மன்னிச்சேன்னு சொல்லிடுவேன்க்கா. ஆனா அது என்கிட்ட இல்லையே" என்றாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை நெட்டையோட புருஷன் வீட்டுல இருப்பாரு."

பிப்ரவரி 16, ஞாயிறு

நெட்டையின் கணவர் லிப்ட் பழுது பார்ப்பவர். நான்காம் மாடி. மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார், மேலேயே போனோம். தங்கையைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் மலர்ந்தது, அவளோடு வேலை பார்த்தவர்களில் வந்து பார்த்தது நீங்கதான் என்றார். கையில் ஈரச் சட்டை. அதைப் பிடித்தபடியே நின்றார்.

நான் யார் என்று சொன்னேன். என்ன செய்தேன் என்றும் சொன்னேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. நாலே வரியில் முடிந்துவிட்டது.

"எந்தத் தேதி?" என்று கேட்டார்.

"செப்டம்பர் இருபது. வெள்ளிக்கிழமை."

"இருபதாம் தேதி அவ நல்லாத்தான் இருந்தா" என்றார். சண்டைக்காகச் சொல்லவில்லை. நினைவுபடுத்திப் பார்ப்பதுபோலச் சொன்னார்.

பிறகு தங்கையிடம் திரும்பி, "நீங்க முகக்கவசம் போட்டிருந்தீங்கன்னு சொன்னா. ஏன்னு உங்ககிட்ட கேட்டாளா?"

"கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

"எனக்குத் தூசி ஒத்துக்கலைன்னு சொன்னேன்."

தலையசைத்தார். வாளியில் இன்னும் ஏழெட்டுத் துணி இருந்தது. ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போட்டார். எங்களைப் போகவும் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு. கடைசித் துணிக்கும் கிளிப் மாட்டிவிட்டு, காலி வாளியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். கீழே அவர் கதவைத் தாழிடும் சத்தம் கேட்கும்வரை நாங்கள் அங்கேயே நின்றோம்.